புள்ளிவாரியைத் தேடிய படலம்

வாழ்க டிலக்‌ஷன்! பள்ளிமுனைப் பங்கின் கணினி அறைக்குத் தனிப்பெருங் காவலன். கடல்கடந்த உறவினர் இனி வேண்டாமென்று பெட்டிகட்டி அனுப்பிய பழங்கணினிக் கூட்டத்துக்கு ஒப்பற்ற சேனாதிபதி. தூசி குடித்து மூச்சுத்திணறும் விசிறிகளைத் தூரிகையால் வருடி உயிர்ப்பிக்கும் மருத்துவன். விலைகொடுத்து வாங்கும் மென்பொருளையெல்லாம் விலைகொடுக்க வழியில்லாத காரணத்தாற் கொள்கையாகவே வெறுத்து, லினக்ஸ் என்னும் இலவச நாட்டிற் குடியேறி, அந்நாட்டின் கரிய திரையிற் கட்டளை எழுதத் தெரிந்தவன் இத்தீவில் தானொருவனே என்னும் பெருமையைச் சட்டைப்பையிற் பேனாபோலச் செருகித் திரிபவன். அவன் புகழைப் பாடப் புகுந்தோம். பாடச் சொல்லி எங்களை யாரும் கேட்கவில்லை.

கரிய திரையிற் கண்சிமிட்டி நிற்கும் வெண்ணிறச் சிறுகோடே! உள்ளே வா என்றும் சொல்லாது, போய் வா என்றும் சொல்லாது, நின்ற இடத்தில் நின்று இமைத்துக்கொண்டேயிருக்கும் இரக்கமற்ற தெய்வமே! நீயே எமக்குக் காப்பு. இப்பெருங்கதை முடியும்வரை எமக்கு உவமைப் பஞ்சம் வராமற் காப்பாயாக. எம்மிடம் கையிருப்பாக உள்ள உவமைகள் சிலவே. அவற்றிலும் நல்லவற்றைச் சென்ற பெருநாள் மலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம்.

போர் ஓய்ந்து சில ஆண்டுகள் கழிந்த காலம் அது. போனவர்கள் திரும்பி வந்து, தகரமும் தடியும் கொண்டு மீண்டும் வீடு கட்டி, கட்டிய வீட்டில் மழை ஒழுகும் இடங்களையும் கண்டுபிடித்து முடித்திருந்தார்கள். சோளகக் காற்று மன்னார்த் தீவின் புழுதியையெல்லாம் வாரி யன்னல் வழியே கணினி அறைக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. முதல் நாள் முற்பகல், கடலுக்கு அப்பால், முசலிப் பக்கமிருந்து வானமே பிளந்ததுபோல ஒரு முழக்கம் கேட்டிருந்தது. அறையிலிருந்தோர் யாவரும் கதிரைகளைத் தள்ளி எழுந்து கதவுக்கு ஓடினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கண்ணிவெடி அகற்றுவோர் தோண்டியெடுத்தவற்றை ஒன்றாகக் குவித்து வெடிக்கவைத்த ஓசையது என்று சற்று நேரத்திற் செய்தி வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரிலும் உரத்துச் சிரித்தவன் நம் வீரன்தான்.

இனி மறுநாட் பிற்பகலுக்கு வருவோம். அறைவாசலில் ஒரு நிழல் விழுந்தது. தங்கையா வந்திருந்தார்: பள்ளிமுனைக் கடற்றொழிலாளி, வலையின் நாற்பக்கமும் அறிந்தவர், பேசுவதிற் சிக்கனமானவர். குளிருக்கு நடுங்கும் கோழிக்குஞ்சைக் கொண்டுவருவார்போல, துவாயொன்றிற் சுற்றி, கடலில் இருக்குமிடத்தைக் காட்டும் கைக்கருவியொன்றை அவர் நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்திருந்தார். கையில் ஒரு சொப்பிங் பையும் தொங்கியது.

"தம்பி, இது ராத்திரி தண்ணிக்குள்ள விழுந்திட்டுது. எடுத்துத் துடைச்சுப்போட்டன், லைற் எரியுது. ஆனா மூடி திறக்குதில்ல, உப்புப் பிடிச்சு இறுகிட்டுது. பற்றரி மாத்தேலாது. இருக்கிறது முடிஞ்சு நூந்துதெண்டா இனி எழும்பாது."

அக்கருவியின் பெருமையை இங்கே சொல்லாமல் மேலே செல்வது பாவம். மீண்டும் கடலுக்குப் போகலாம் என்று சொல்லப்பட்ட நாள்தொட்டு, தங்கையா ஒவ்வொரு கடலடிப் பாராக, ஒவ்வொரு கல்லாக, நண்டு கிடக்கும் சேறு இது, வலையைக் கிழிக்கும் மூழ்கிய வள்ளம் இது என்று தேடித்தேடிக் கண்டு, கண்ட இடந்தோறும் பொத்தானை அழுத்தி ஒரு புள்ளி குத்தி வைத்திருந்தார். இடம்பெயர்ந்த காலத்தில் அவருடைய தகப்பனார் இறந்தபோது, அவர் அறிந்திருந்த கடலும் அவருடனேயே போய்விட்டது. இப்போதிருப்பது தங்கையா தாமே கையாலே தடவித்தடவி மறுபடி சேர்த்த கடல். அந்தக் கடல் முழுவதும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருந்தது, பெட்டியிலோ மின்னைக் காட்டும் கட்டைகளில் இரண்டே எஞ்சியிருந்தன.

நம் வீரன் எழுந்தான். மேசை விளிம்பைப் பற்றினான். பங்கு மண்டபம் அதிரும்படி, அதாவது பக்கத்து மேசை கேட்கும்படி, ஆணையொன்று முழங்கினான்:

"அண்ணை, யோசியாதேங்கோ! எங்களிட்ட புள்ளிவாரி இருக்கு. இந்தக் கேபிளைக் குத்திப்போட்டு ஒரு சொல்லு அடிச்சனெண்டா உங்கட கடல் முழுக்க இதுக்குள்ள வந்திரும். நீங்கள் ரீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள அலுவல் முடிஞ்சிரும். ரீச்சர், அண்ணைக்கு ஒரு ரீ!"

புள்ளிவாரி யாதெனில், இத்தகைய கருவிகளிற் கிடக்கும் புள்ளிகளைக் கணினிக்குள் வாரியெடுக்கும் ஒரு சிறு மென்பொருள். பள்ளிமுனையிற் பிறந்து ரொறன்ரோவில் வாழும் பொறியியலாளர் ஒருவர் ஊர்ப்பாசத்தால் எழுதி அனுப்பியது. வேறெங்கும் கிடைக்காது, கேட்டு வாங்கலாமென்றால் ரொறன்ரோவில் அப்போது விடியவில்லை. ரீச்சர் என்று விளிக்கப்பட்டவள் அன்ரோனெற், அவ்வறையில் தட்டச்சு கற்பிப்பவள், டிலக்‌ஷனின் முழக்கங்களை நெடுநாட் கேட்டுக் காதுகாய்த்தவள். அவள் மறுபேச்சில்லாமல் தேநீர் ஊற்றப் போனாள்.

கேபிள் குத்தப்பட்டது. (அந்தக் கேபிள் செய்தியைக் கடத்துமேயன்றி மின்னைக் கடத்தாது. அத்தனை நல்ல காலம் காவிய நாயகர்களுக்கு வாய்ப்பதில்லை.) நம் வீரன் விரல்களைச் சொடுக்கி, புள்ளிவாரியின் பெயரைக் கரிய திரையிற் பொறித்து, கடைசி விசையை ஒரு தட்டுத் தட்டினான். தட்டிய விதத்தைப் பார்த்தால் கணினி எழுந்து நின்று வணக்கம் சொல்லியிருக்க வேண்டும். அதுவோ, அப்படியொரு கட்டளை இங்கில்லை என்றது.

மீண்டும் அடித்தான். இல்லை என்றது. இன்னும் மெதுவாக, எழுத்தெழுத்தாக, காது கேளாதவருக்குச் சொல்வதுபோல அடித்தான். அதே மெதுவோடு, அதே பொறுமையோடு, இல்லை என்றது.

"என்ன தம்பி?" என்றார் தங்கையா.

"ஒண்டுமில்ல அண்ணை. சின்ன ஒரு அலுவல்."

இவ்வாறு தொடங்கியது பெரும்போர். வீரன் தன் அம்பறாத்தூணியைத் திறந்தான். அதில் முதலில் நின்றது 'விச்' என்னும் வேகக் கணை. ஒரு மென்பொருளின் பெயரை அதன் காதில் ஓதினால், கணினி வழக்கமாகப் போய்வரும் தெருக்களை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றி, இன்ன தெருவில் இன்ன வீட்டில் இருக்கிறது என்று நொடியிற் சொல்லும். கணை பறந்தது, திரும்பி வந்தது, வாய் திறக்கவில்லை. 'விச்' தோற்றால் அழுவதுமில்லை, மன்னிப்புக் கேட்பதுமில்லை. வெறுமனே அடுத்த வரியில் அந்த வெண்ணிறச் சிறுகோட்டை நிறுத்திவிட்டுப் போய்விடும். அந்த மௌனத்தை நம் வீரனாற் சகிக்க முடியவில்லை.

அடுத்து எடுத்தான் 'வேரிஸ்' என்னும் இரட்டைமுனை வேலினை. இது மென்பொருளை மட்டுமன்றி அதன் கையேட்டையும் சேர்த்துத் தேடும் பேராற்றல் வாய்ந்தது. தேடியது, வெற்றியோடும் வந்தது. புள்ளிவாரியின் கையேடு இன்ன இடத்தில் இருக்கிறது என்று பெருமையோடு அறிவித்தது. புள்ளிவாரியைப் பற்றி ஒரு சொல்லுமில்லை. கலியாணவீட்டுக்குப் போனால் சாப்பாட்டுப் பந்தலில் ஆளில்லாமல் வாழையிலை மட்டும் விரித்துக் கிடந்ததுபோல இருந்தது. இதற்குள் கருவியின் கட்டைகளில் ஒன்று அணைந்து, ஒன்று மட்டும் எஞ்சியது.

தேநீர் வந்தது. தங்கையா அதைத் தொடவில்லை. யன்னலால் வரும் காற்றுப் படாமல் இரு கையாலும் கருவியை மறைத்துப் பிடித்தபடி இருந்தார். காற்றுக்கும் பற்றரிக்கும் ஒரு தொடர்புமில்லையென்று அவருக்கும் தெரியும்.

அப்போது நம் வீரனின் நெற்றியில் ஒளி தோன்றியது. மறந்துபோன மாபெரும் ஆயுதம் நினைவுக்கு வந்தது: 'லொக்கேற்'! கணினியின் மூலைமுடுக்கெல்லாம் அறிந்த முற்றுமுணர்ந்த ஞானி, கேட்ட மாத்திரத்தில் விடைசொல்லும் திரிகாலதரிசி! பெயரை ஓதினான். மூச்சுவிடும் நேரத்தில் விடை வந்தது. லோக்கல் பின் என்னும் கோப்புறைத் தெருவில், வைத்த இடத்தில் வைத்தபடி, புள்ளிவாரி சுகமாக இருக்கிறது!

"பாத்தீங்களா!" என்று முழங்கினான் வெற்றித்திருமகன். "நான் சொன்னனான்தானே, எங்கயும் போகாதெண்டு!" முழங்கியதோடு நில்லாமல், தங்கையாவுக்கு ஊற்றிய தேநீரைத் தானே எடுத்து ஒரு வாய் குடித்தும் விட்டான். பின்னர் லோக்கல் பின் தெருவுக்கு விரைந்து, வீட்டுக் கதவைத் தள்ளி உள்ளே பார்த்தான். வீடு வெறுமையாகக் கிடந்தது.

ஏனெனில் 'லொக்கேற்' உண்மையில் தேடுவதேயில்லை. முன்பு ஒருநாள் ஊர் முழுவதும் சுற்றி எழுதிக்கொண்டதை வைத்துக்கொண்டு, கேட்பவருக்கெல்லாம் அதையே ஒப்புவிக்கும். இக்கணினியோ முதல் நாட் பகலில் அணைக்கப்பட்டு, இன்று சற்றுமுன்தான் எழுப்பப்பட்டது. அதற்கு மறுபடி ஊர்சுற்ற நேரமே கிடைக்கவில்லை. யார் எங்கே போனார்கள் என்று அறியாமல், போனவர்கள் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள் என்று அது மனமார நம்பிக்கொண்டிருந்தது.

"எங்கட பழைய விலாசத்துக்கு மாமா காயிதம் போட்டுக்கொண்டிருந்தவர், அந்த மாதிரியெல்லோ கிடக்கு," என்றாள் அன்ரோனெற். "வீடு இல்ல, ஊரில சனமில்ல, காயிதம் மட்டும் வந்துகொண்டிருந்ததாம்."

இதைக் கேட்டு வேறு யாராயினும் சிந்தித்திருப்பர். மாவீரர்களுக்குச் சிந்தனை வருவதற்கு முன் சினம் வரும். நம் வீரனின் கண்கள் சிவந்தன; புருவங்கள் நெரிந்தன; கழுத்திலே வியர்வைப் புழுதி கோடு போட்டது. புள்ளிவாரி தானாக நடந்துபோயிராது; ஆகவே யாரோ கவர்ந்திருக்க வேண்டும். சென்ற வாரம் வந்து பாட்டுக் கேட்டுவிட்டுப் போன பாடகர்குழுவினர்மேல் ஐயுற்றான். வாசலில் நின்று நிழல் காய்ந்த கழுதையொன்றையும் ஒரு கணம் கூர்ந்து பார்த்தான். பின்னர் கதிரையைப் பின்தள்ளி எழுந்து, நாற்றிசையும் கேட்க வஞ்சினம் கூறினான்:

"இது வெளி ஆள் செய்த வேலையில்ல! கறுப்புத் திரையில கட்டளை அடிக்கத் தெரிஞ்ச ஆள்தான் செய்திருக்கவேணும். ஆரெண்டு மட்டும் தெரியட்டும், பிறகு இந்த அறைப்பக்கம் கால்வைக்க விடமாட்டன்!"

இத்தீவிற் கறுப்புத் திரையிற் கட்டளை அடிக்கத் தெரிந்தவன் யாரென்பதை இக்கதையின் முதற்பத்தியிலேயே சொல்லியிருக்கிறோம். அதை நினைத்துத்தானோ என்னவோ, அன்ரோனெற் தட்டச்சுப் பாடத்துக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"தம்பி," என்றார் தங்கையா, "கடைசிக் கட்டையும் மினுங்கத் துவங்கிட்டுது." குரலில் அதட்டலில்லை. வலை போய்விட்டது என்று சொல்கிறவரின் குரலாக அது இருந்தது. அதைக் கேட்டதும் நம் வீரனின் வீரமெல்லாம் வடிந்துபோயிற்று. விளையாட்டில்லை இது, இந்த மனிதர் இன்னும் சில ஆண்டுகள் தம் கடலைத் திரும்பத் தேடப்போகிறார், அது என் வாய்வீச்சால் ஆகப்போகிறது என்று முதன்முறையாக உணர்ந்தான்.

ஆகவே, மானத்தை விட்டு, அம்பறாத்தூணியின் அடியிற் கிடந்த 'பைண்ட்' என்பதை எடுத்தான். அது ஆயுதங்களிற் கடைச்சாதி என்பது அவன் எண்ணம். அதற்கு ஞானமில்லை, நினைவில்லை, வேகமுமில்லை. சொன்ன இடத்தில் தொடங்கி வீடுவீடாக, அறையறையாக, பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டே நடக்கும். கணினியின் வேரிலிருந்தே தேடும்படி அதை அனுப்பினான். பழங்கணினியின் வட்டு முனகியது, விசிறி இரைந்தது. திரையில் வரிமேல் வரியாக, அனுமதி இல்லை, அனுமதி இல்லை, அனுமதி இல்லை என்று விடைகள் ஓடத் தொடங்கின. இவ்வறைக்குள் உனக்கு அனுமதி இல்லை, இத்தெருவுக்குள் அனுமதி இல்லை, இப்பெட்டியைத் திறக்க அனுமதி இல்லை.

"என்ன சொல்லுது?" என்றார் தங்கையா.

"போக விடுறாங்களில்ல எண்டு சொல்லுது," என்றாள் அன்ரோனெற்.

தங்கையா தலையாட்டினார். "பழகின கதைதான். சோதனைச் சாவடியில நிண்டு கேட்டா விடுவாங்கள்."

'பைண்ட்' நின்று கேட்கவில்லை. ஆனால் திரும்பியும் போகவில்லை. மறுத்த கதவை விட்டு அடுத்த கதவைத் தட்டி, அதுவும் மறுத்தால் அதற்கடுத்ததைத் தட்டி, ஊரெல்லாம் அலைந்து, கடைசியாக ஒரு வாசலில் நின்று, வெட்கமில்லாமல் ஒரே ஒரு விடையைப் பொறித்தது. மூன்று பேரும் குனிந்து வாசித்தார்கள். வீடுகள் என்னும் பகுதியில், டிலக்‌ஷன் என்பவனின் வீட்டில், 'பை' என்னும் பெயருள்ள கோப்புறைக்குள், புள்ளிவாரி.

இவ்விடத்தில் எம் காவியம் சற்றுத் தடுமாறுகிறது. எத்தனையோ அடைமொழிகள் எம்மிடம் இருந்தன. இதற்குப் பொருந்துவது எதுவுமில்லை.

டிலக்‌ஷன் பெருநிலத்து வயற்கரைக் கிராமமொன்றிற் பிறந்தவன். அவனுடைய வீட்டில், எல்லா வீடுகளையும்போல, கதவுக்குப் பின்னால் ஒரு பை எப்போதும் தொங்கும்: காணி உறுதி, பிறப்புப் பத்திரங்கள், பள்ளிச் சோதனைப் பெறுபேறு, ஒரு சோடி உடுப்பு. அடைக்கலம் தேடி மடுக் கோவிலுக்கு ஓடியபோதும், அங்கிருந்து ஓடியபோதும், பிறகு எங்கெங்கெல்லாமோ ஓடியபோதும் அந்தப் பைதான் முதலில் தோளேறியது. கணினி கையில் வந்தபோது, அதற்குள்ளும் 'பை' என்றொரு கோப்புறையை அவன் யோசிக்காமலே உண்டாக்கி வைத்திருந்தான். நேற்று அந்த முழக்கம் கேட்டதும் எல்லோரும் கதவுக்கு ஓடினார்கள். அவனுடைய கால்களும் ஓடப் பார்த்தன. கைகள் மட்டும் நின்றுவிட்டன. அந்தக் கைகள் கரிய திரையைத் திறந்து, கடவுச்சொல்லை அடித்து, அறையிலிருந்த பெறுமதியான பொருள் எதுவோ அதையெடுத்துப் பைக்குள் போட்டன. பிரதி எடுத்துப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஓடுகிறவர்கள் வீட்டைப் பிரதி எடுத்துக்கொண்டா ஓடுகிறார்கள்? இருப்பதைத் தூக்கிக்கொண்டு போவதுதான் கைகளுக்குத் தெரியும். பிறகு அது கண்ணிவெடி அகற்றுவோரின் ஓசை என்று தெரிந்ததும், நாணம் தாங்காமல் எல்லோரிலும் உரத்துச் சிரித்தான், கணினியை அணைத்தான், நடந்ததை அப்படியே மறந்தும் போனான்.

இப்போது நினைவு வந்தது. காது நுனிவரை சிவந்து, பைக்குள் நுழைந்து, கண்ணெதிரே கிடந்த புள்ளிவாரியின் பெயரை அடித்தான். அப்படியொரு கட்டளை இங்கில்லை என்றது கணினி.

ஐயகோ! எத்தனை தெருவும் சுற்றும் இந்தக் கணினி, தான் நிற்கும் இடத்தை மட்டும் குனிந்து பார்ப்பதில்லை. இங்கேயே, இந்தக் காலடியிலேயே பார் என்று, புள்ளியாகிய ஒரு குற்றும் ஒரு சாய்கோடும் பெயருக்கு முன்னால் வைத்துச் சொல்லவேண்டும். பயத்தில் அதுவும் மறந்து, திரும்பத் திரும்ப வெறும் பெயரை அடித்து, கடைசியில் நினைவு வந்து, அந்தக் குற்றையும் கோட்டையும் வைத்தான். பெரும்படைகளை நடத்தியவனின் இறுதி வெற்றி ஒரு குற்றளவாகவே இருந்தது.

புள்ளிவாரி எழுந்தது, வாரியது. ஆங்கில எழுத்திலே தமிழாய்த் தங்கையா குத்திவைத்த பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையிலே ஏறின. நண்டு நல்லது. வலை கிழிஞ்ச இடம். அப்பா சொன்ன கல் இதோ தெரியா. இதுக்குள்ள போகாதே. மகள் பிறந்த அண்டைக்கு. அன்ரோனெற் ஒவ்வொன்றையும் உரக்க வாசித்தாள். "போன் கோல் வந்தது அந்த இடத்தில வைச்சு," என்றார் தங்கையா அந்தப் பெயருக்கு. "மீன் ஒண்டுமில்ல அங்க. சும்மா குத்தினனான்." கடைசிப் பெயரும் வந்து சேர்ந்து, முடிந்தது என்று கணினி சொல்லி, மூவரும் மூச்சுவிட்ட பிறகு, அந்தக் கருவி ஒருமுறை மினுங்கி நூந்துபோனது.

தங்கையா அதைத் துவாயிற் சுற்றி வைத்துவிட்டு, டிலக்‌ஷனின் தோளில் ஒரு கணம் கையை வைத்தார். நம் வீரன் அழுதுவிடாமல் இருக்க வேண்டி, தூசி துடைக்கும் தூரிகையை எடுத்து, துடைக்கத் தேவையில்லாத விசைப்பலகையொன்றைத் துடைக்கத் தொடங்கினான்.

"சேர்," என்றாள் அன்ரோனெற், "எடுத்த ஆளை அறைப்பக்கம் கால்வைக்க விடமாட்டன் எண்டு சொன்னனீங்கள். நாளைக்கு ஆர் வந்து அறையைத் திறக்கிறது?"

அவன் தலை நிமிரவில்லை. "நேற்றைய சத்தத்துக்குப் பயந்து கம்பியூட்டருக்குள்ளயும் பை கட்டியிருக்கிறன், ரீச்சர். சிரியுங்கோ."

அவள் சிரிக்கத்தான் வாய் திறந்தாள், சிரிப்பு வரவில்லை. "நானும் நேற்று வீட்ட போன உடன என்ர பையை இறக்கிக் கட்டினனான். இன்னும் அவிழ்க்கேல்ல."

தங்கையா தம் சொப்பிங் பையின் வாயை விரித்துக் காட்டினார். உள்ளே காணி உறுதி இருந்தது, தொழில் அட்டை இருந்தது, மகளின் பிறப்புப் பத்திரம் இருந்தது. "புள்ளியளை ஒரு பென்டிரைவில அடிச்சு இதுக்குள்ள போடும், தம்பி," என்றார். டிலக்‌ஷன் அடித்துக் கொடுத்தான். இம்முறை பிரதிதான் எடுத்தான். பிறகு புள்ளிவாரியைத் திரும்ப அதன் பழைய தெருவுக்கே அனுப்பினான். 'பை' என்னும் கோப்புறையை அழிக்கப்போய், சிறிது நேரம் அந்த வெண்ணிறச் சிறுகோட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அழிக்காமல் விட்டான்.

வாழ்க, நாற்படை கண்டு நடுங்காத, நாற்பெருங் கணைகளின் நாயகனே! தன்னைத் தானே கவர்ந்து, தன்மேல் தானே வஞ்சினம் கூறி, தன் வீட்டுக்கே படையெடுத்து, தன்னைத் தானே வென்ற தனிப்பெருந் தலைவனே! நின் கொற்றம் நீடூழி...

பிறகு கதவைப் பூட்டிவிட்டு மூன்று பேரும் வீட்டுக்குப் போனார்கள்.